நிமிராத உடலின் நடனம்

1959 மே மாதம். டோக்கியோவில் ஒரு நடன மேடை. இளைஞர் யோஷிடோ ஓனோ உயிருள்ள கோழி ஒன்றைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்கிறார். விளக்குகள் அணைகின்றன. இருட்டில் ஓடும் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. யுகியோ மிஷிமாவின் நாவல் தலைப்பைத் தாங்கிய இந்த 'கின்ஜிகி' எழுப்பிய கொந்தளிப்பில், அதை உருவாக்கிய தாட்சுமி ஹிஜிகாடா நடனக் கலைஞர் சங்கத்தை விட்டே வெளியேறினார். புத்தோ நடனம் பிறந்தது இப்படித்தான்.

'இருளின் நடனம்' என்றே ஹிஜிகாடா அதை அழைத்தார். மழித்த தலை, உடலெங்கும் வெள்ளைப் பூச்சு, மடங்கிய முழங்கால், நத்தை வேகம். பார்த்தவுடன் பலருக்கு ஹிரோஷிமா நினைவுக்கு வருகிறது. ஆனால் ஹிஜிகாடா கைகாட்டியது, தான் பிறந்த வடக்கு மாநிலமான அகிடாவை. பனி, சேறு, வயலில் குனிந்தே கூன் விழுந்த முதுகுகள். பாலே வானத்தை எட்டப் பார்க்கும்; புத்தோ சேற்றில் கால் புதைய நிற்கும்.

பயிற்சியும் விசித்திரமானது. கைமேல் ஒரு பூச்சி ஊர்கிறது, பிறகு கழுத்தில், பிறகு உடலெங்கும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போவார். பூச்சியை அபிநயித்துக் காட்ட வேண்டியதில்லை. அந்த ஊறலில் உடல் என்ன ஆகிறதோ, அதுவே நடனம்.

இதற்கு உயிரையும் விலையாகக் கொடுக்க நேர்ந்ததுண்டு. ஊஷியோ அமகாட்சு 1975-ல் தொடங்கிய சங்காய் ஜுகு குழுவினர் உயரமான கட்டடங்களிலிருந்து கயிற்றில் தலைகீழாகத் தொங்கியபடி மெல்ல இறங்குவார்கள். 1985-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கயிறு அறுந்து ஒரு கலைஞர் இறந்தார்.

ஹிஜிகாடா 1986-ல், 57 வயதில் மறைந்தார். புத்தோவின் இன்னொரு தூணான கசுவோ ஓனோ (யோஷிடோவின் தந்தை) நூறு தாண்டி வாழ்ந்தார். 1929-ல் 'லா அர்ஹென்டினா' என்ற ஸ்பானிய நடனக் கலைஞரின் ஆட்டத்தைப் பார்த்து மெய்மறந்தவர் அவர். பிறகு ராணுவம், போர், சிறைமுகாம், யோகோஹாமா பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. 1977-ல், 71 வயதில், பெண் உடையணிந்து அந்த நடனக்காரிக்கு அஞ்சலியாக ஆடினார். இயக்கியவர் ஹிஜிகாடா. 1980-ல் பிரான்ஸின் நான்சி விழாவில் ஆடியபின் உலகம் அவரைத் தேடி வந்தது.

மற்ற நடனங்களில் சலங்கையைக் கழற்றி வைக்கும் வயது, ஓனோவுக்குத் தொடக்கமாக அமைந்தது. நடுங்கும் விரல்களும் தொய்ந்த தோளும் அவருக்குக் குறைகளல்ல, கைமுதல். நிற்க முடியாமல் போன பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கைகளால் ஆடினார். 2010-ல், 103 வயதில் இறந்தார்.