பொட்டியைப் பிரிக்கும் முன் காரணத்தைச் சொல்லு!



நம்ம நல்லூர் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துபோச்சு. தோட்டமெல்லாம் சைட்டாச்சு. ஆளுக பனியன் கம்பெனிக்குப் போயாச்சு. ஏர்மாடு கட்டின கட்டுத்தறி காலி. மிச்சமிருக்கிற ரெண்டு, மூணு ஏக்கரை உழுவது பழைய டிராக்டர்தான். மழை பேஞ்சு ஈரம் காயறதுக்குள்ள சோளம் விதைக்கணும். அந்த நேரம் பார்த்துக் கியர் கரகரங்குது. ஒர்க்ஷாப்பில் என்ன பதில்? "பொட்டி போச்சுங்க. மொத்தமா எறக்கணும். பேசாம லோன் போட்டுப் புது வண்டி எடுத்துக்குங்க!"

ஓட்டிக்கூடப் பார்க்காமல் இப்படிச் சொல்வது என்ன நியாயம்? நாடி பிடிக்காம வயித்தைக் கிழிக்கலாமா?

வண்டியை விடும் முன் நீங்களே பாருங்கள்:

1. நிற்கிற வண்டியில் கிளட்ச்சை முழுசா மிதிச்சும் கியர் விழும்போது கரகரங்குதா? பெரும்பாலும் கிளட்ச் முழுசா விடுபடலை. முதலில் பெடல் ஃப்ரீ பிளேயைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

2. நியூட்ரலில் வரும் சத்தம், கிளட்ச்சை மிதிச்சா நிக்குதா? உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் கோளாறு. மிதிச்சாத்தான் சத்தமா? ரிலீஸ் பேரிங். அதுக்கு வண்டியைப் பிரிச்சாகணும். ஆனா கியர் செட்டை மாத்த வேலையில்லை.

3. உழவில் ஒரு கியர் மட்டும் நழுவி நியூட்ரலுக்கு வருதா? லாக் பால், ஸ்பிரிங், ஃபோர்க் இவற்றை முதலில் பார்க்கணும். அந்தக் கியரின் பல் தேய்மானம் அப்புறம்.

4. ஆயில் மோராட்டம் வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். இரும்புச் சில்லு வந்தா வண்டியை ஓட்டாதீங்க, பிரிச்சே ஆகணும்.

பொட்டியைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. காதுல கேட்டே கோளாறு சொல்ற நல்ல மிஸ்திரிக நம்மூர்ல உண்டு. அவங்களோட நமக்குச் சண்டை இல்லை. காரணம் சொல்லாமக் கழட்டிப் போட்டுட்டு, பில்லும் தராம காசு கேக்கறவங்களோடதான் சண்டை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் கியர்பாக்ஸ் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைஞ்சிருக்கு. பில் இல்லைன்னா அந்தக் குறைப்பு யார் பைக்குப் போகுது?

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தது. அதில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயிகளுக்காகச் சட்டமே போட்டது. நமக்கு எப்போது?

எங்கள் கோரிக்கைகள்:

* பிரிக்கும் முன் கோளாறு, காரணம், உத்தேசச் செலவு மூன்றும் எழுத்தில் வேண்டும்.
* கழட்டிய பழைய பாகம் விவசாயி கையில் வரவேண்டும்; பில்லும் வேண்டும்.
* பாகங்களின் விலைப்பட்டியலும் பழுதுபார்க்கும் புத்தகமும் தமிழில், ஊர் மிஸ்திரிக்கும் கிடைக்க வேண்டும்.
* விதைப்புக்கு முன்பே ஒன்றியம்தோறும் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் சோதனை முகாம் நடத்த வேண்டும்.

பைசாக் கணக்கில் ஏற்றிய மின்கட்டணத்தை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பக்கத்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். பைசாவுக்குக் கணக்குக் கேட்ட மண்ணு இது! ஆயிரக்கணக்கில் குடுக்கும்போது கேள்வி கேக்காம இருக்கலாமா?

கேளுங்கள்! கேட்டு வாங்குங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!