பணம் எங்கிருந்து வந்தது?

கணக்கு உபாத்தியாயரைக் கண்டு பையன்கள் நடுங்குவது உலக வழக்கம். கொள்ளைக் கூட்டத் தலைவர்களும் கணக்கைக் கண்டு நடுங்கினார்கள் என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அயர்லாந்து தேசத்தின் தலைநகரான டப்ளினில் அப்படித்தான் நடந்தது. நடுங்க வைத்தவர் ஒரு பத்திரிகை நிருபர்; பெண்மணி; ஒரு சிறு பையனுக்குத் தாயார். பெயர் வெரோனிகா கெரின்.

இந்த அம்மாள் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததே முப்பது வயதைத் தாண்டி, 1990-ம் வருஷத்தில்தான். அதற்கு முன்பு கணக்கியல் படித்துத் தம் தகப்பனாரின் கணக்குக் காரியாலயத்தில் வேலை பார்த்தார். அரசியல் கட்சி ஒன்றிலும் சிறிது காலம் பணி செய்தார். பள்ளி நாட்களில் பந்தாட்டத்தில் பெயர் வாங்கியவர். எதிராளி எவ்வளவு பெரியவனானாலும் பந்தை விடக்கூடாது என்ற குணம் அங்கே படிந்ததோ என்னவோ! 1994-ல் ‘ஸண்டே இண்டிபெண்டண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராகச் சேர்ந்தார்.

அப்போது டப்ளினின் ஏழை எளியவர் வசிக்கும் பேட்டைகளில் ஹெராயின் என்னும் விஷம் வாலிபர்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சரக்கை வரவழைத்தவர்கள் யார் என்பது போலீஸுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தலைவன் சரக்கைக் கையால் தொடுவதில்லை. தொடுகிறவன் வாய் திறப்பதில்லை. சாட்சி சொல்ல எவனுக்கும் துணிவில்லை. பத்திரிகைகள் பெயரைப் போட்டால் மான நஷ்ட வழக்கு வரும். சொன்னது உண்மை என்று ருசுப்படுத்த வேண்டிய பாரம் பத்திரிகையின் தலையிலேயே விழும். ஊரறிந்த கேடிக்கும் மானம் உண்டு என்பது சட்டத்தின் கொள்கை! ஆகையால் நிருபர்கள் ‘ஜெனரல்’ என்றும், ‘துறவி’ என்றும், ‘பென்குவின்’ என்றும் பட்டப் பெயர் சூட்டி எழுதினார்கள். வெரோனிகாவும் அப்படியே எழுதினார்.

ஆனால் அவர் கேட்ட கேள்விதான் புதியது. “நீ என்ன குற்றம் செய்தாய்?” என்று அவர் கேட்கவில்லை, “உனக்குப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். வேலையில்லை என்று சொல்லிக் கொள்கிற மனிதன் மாளிகை கட்டுகிறான், குதிரை வாங்குகிறான் என்றால், வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது? குற்றத்துக்குச் சாட்சி கிடைக்காமல் போகலாம். மாளிகையை மறைத்து வைக்க முடியுமா? தொலைபேசியிலோ பிறர் மூலமாகவோ கேட்டு எழுதுவதில் அவருக்குத் திருப்தி இல்லை. சம்பந்தப்பட்டவன் வீட்டுக் கதவையே போய்த் தட்டுவார்.

பதில் வர வெகு நாள் ஆகவில்லை. 1994 அக்டோபரில் அவருடைய வீட்டின் மீது துப்பாக்கி சுடப்பட்டது. 1995 ஜனவரி 30-ந் தேதி வாசற்கதவைத் திறந்தபோது ஒருவன் எதிரே நின்று காலில் சுட்டான். பத்திரிகை நிறுவனம் வீட்டுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தது. போலீஸார் இரவும் பகலும் காவல் நின்றனர். போலீஸ்காரரைப் பின்னால் வைத்துக் கொண்டு போனால் எவன் வாய் திறப்பான்? காவல் வேலைக்கு இடைஞ்சல் என்று அவர் அதை விரும்பவில்லை.

“வீட்டில் சிறு குழந்தை இருக்க, ஒரு தாய் இப்படிச் செய்யலாமா?” என்ற கேள்வி இதைப் படிக்கும் தாய்மார்களின் மனத்தில் எழும். அயர்லாந்திலும் எழுந்தது, அவர் இறந்த பிறகு அவரைக் குறை கூறியவர்களும், தடுத்து நிறுத்தாத பத்திரிகையைக் குறை கூறியவர்களும் உண்டு. இரண்டாவது குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நிருபரின் துணிவால் பத்திரிகை விற்பனையாகும்போது, ஆபத்தையும் முதலாளி பங்கிட்டுக் கொள்ள வேண்டாமா? முதல் குறையைப் பற்றி ஒன்று கேட்கிறேன். போர்முனைக்குப் போகும் தகப்பனாரைப் பார்த்து யாராவது இந்தக் கேள்வியைப் போட்டதுண்டா? ஹெராயினுக்குப் பலியான பிள்ளைகளுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள் அல்லவா?

1995 செப்டம்பரில் ஜான் கில்லிகன் என்பவருடைய குதிரைப் பண்ணைக்கு வெரோனிகா சென்றார். 1993-ல் சிறையிலிருந்து வெளிவந்த அந்த மனிதருக்கு இத்தனை ஐசுவரியம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்கத்தான் போனார். கில்லிகன் தம்மை அடித்து உதைத்ததாகப் போலீஸில் புகார் செய்தார். பையனுக்கே தீங்கு செய்வதாகத் தொலைபேசியில் மிரட்டல் வந்ததென்றும் தெரிவித்தார். புகாரை வாபஸ் வாங்கவில்லை.

1996-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதி. மோட்டாரை வேகமாக ஓட்டிய குற்றத்துக்காக நாஸ் என்ற ஊரின் கோர்ட்டுக்குப் போய்விட்டு டப்ளினுக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். நாஸ் ரஸ்தாவில் சிவப்பு விளக்குக்காக வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு மோட்டார் ஸைக்கிள் வந்து நின்றது, அதில் இருவர். பின்னால் இருந்தவன் ஆறு முறை சுட்டான். அவ்வளவுதான். ஆபத்திலுள்ள பத்திரிகையாளர்களைப் பற்றி லண்டனில் நடக்கவிருந்த ஒரு மகாநாட்டில் இரண்டு நாள் கழித்து அவர் பேசுவதாக இருந்தது.

ஜனநாயகத்தின் மீதே விழுந்த அடி இது என்றார் பிரதம மந்திரி ஜான் புரூட்டன். தேசமெங்கும் ஜனங்கள் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றனர். வெரோனிகா கேட்டுக் கொண்டிருந்த கேள்வியை அதற்குப் பிறகுதான் பார்லிமெண்டு கேட்கத் துணிந்தது. சில மாதங்களுக்குள் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. போலீஸ், வரி இலாகா, உதவிப் பண இலாகா ஆகிய மூன்றின் அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் புதுக் காரியாலயம் 1996 அக்டோபரில் ஏற்பட்டது. அதற்கு முன்பு ஓர் இலாகாவின் தஸ்தாவேஜு மற்றோர் இலாகாவுக்குத் தெரியாது. கேடிகளுக்கு அதுவே பெரும் பாதுகாப்பு. புதிய சட்டப்படி, சொத்து குற்றத்தால் வந்ததென்று நம்பக் காரணம் காட்டினால், உடையவர் சிறைத் தண்டனை பெறாதவராயினும் நீதிமன்றம் அதை முடக்கி வைக்கலாம். நியாயமான வழியில் வந்தது என்றால் அவரே கணக்குக் காட்ட வேண்டும். அப்போதைய விதிப்படி, ஏழு ஆண்டுகள் வரை காட்டாவிட்டால் சொத்து சர்க்காருக்குச் சேர்ந்தது. குற்றம் ருசுவாகும் முன் ஒருவன் சொத்தில் கை வைப்பது சரியா என்று சட்ட நிபுணர்கள் கேட்டதும் உண்மை. அது அலட்சியமாகத் தள்ளத் தக்க கேள்வியல்ல.

கொலைக்காக பிரையன் மீஹன் என்பவருக்கு 1999-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மற்றொருவருக்கு விதித்த தண்டனை 2002-ல் ரத்தாகிவிட்டது. கில்லிகன் மீதும் கொலை வழக்கு நடந்தது. 2001-ல் நீதிமன்றம் அதிலிருந்து அவரை விடுவித்து, கஞ்சாப் பிசின் கடத்திய குற்றத்துக்காக 28 ஆண்டு விதித்தது. அப்பீலில் அது 20 ஆயிற்று. 2013-ல் வெளியே வந்தார்.

வெரோனிகாவை அடித்ததாக இருந்த வழக்கோ, ஒரே சாட்சி இறந்து போனதால் விழுந்துவிட்டது. குதிரைப் பண்ணையின் கணக்கு மட்டும் விழவில்லை. பல ஆண்டுகள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கி, கடைசியில் அது சர்க்கார் கைக்குப் போயிற்று.