ஆறு பெட்டி, இரண்டு தடம்

கண்டி எசல பெரஹராவைத் தலதா வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேளம் தெருமுனையில் எழுந்து நம்மைக் கடந்து தேயும்; புனித பேழை சுமந்த யானை வருகையில் முதுகுக்குப் பின்னால் ‘சாது, சாது’ என்று கூட்டம் முழங்கும். இப்படி ஒலி நம்மைச் சூழக் கேட்பதற்கே 5.1 அமைப்பு: ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஆனால் நான் போன வீடுகளில் கணினியின் பச்சைத் துளையிலிருந்து ஒற்றை வயர்தான் ஹோம் தியேட்டருக்குப் போகிறது. அதில் வருவது இரண்டே தடம்; பின் ஸ்பீக்கரில் கேட்பது வெறும் நகல். காசு கொடுத்து வாங்கிய ஒலியில் பாதி வீண், மனசு பொறுக்கவில்லை. அந்த வயருக்குப் பதில், கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வயரை ஹோம் தியேட்டரின் ரிசீவரில் செருகி, விண்டோஸ் ஒலி அமைப்பில் 5.1 தெரிவு செய்யுங்கள். பின் ஸ்பீக்கர்களை அலுமாரி மேலிருந்து இறக்கி, இருக்கைக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னே வையுங்கள்.