அம்மனுக்கு ஓய்வு உண்டு, பிள்ளை பெற்றவளுக்கு?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டே நாட்கள்தான் திறக்கிறது. மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஐதீகம். போகட்டும், ஓய்வெடுக்கட்டும்! அதே வட்டாரத்தில் மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கூலிக்குக் குனிகிறாளே, அவளுக்கு எந்த மலையில் ஓய்வு?

பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, முதுகும் தோளும் நீவி, வெந்நீர் ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். அதைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்த கனவான்கள் உண்டு. விஞ்ஞானம் என்ன சொல்கிறது? குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் இறங்கி, மார்பில் ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. வலியும் பயமும் கவலையும் அதைத் தடுக்கும். இதமாக முதுகை நீவினால் உடம்பு தளர்கிறது, மனம் ஆறுகிறது, பால் இறங்குகிறது. (ஆபரேஷன் தையலை அமுக்குவதும் கொதிநீரை வீசி அடிப்பதும் வேண்டவே வேண்டாம்.)

நீவுவதற்குக் கை எங்கே? மாமியாரும் கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும். ‘அவளுக்குப் பால் இல்லை, டப்பா பால் வாங்கு’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இல்லாதது பாலா, ஓய்வா? ஓயாமல் அழுதால் ‘காத்து கருப்பு’ என்கிறார்கள். பேயுமல்ல, பிசாசுமல்ல. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். எண்ணெய்க் கை மட்டும் போதாது, டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

1961-ம் வருஷத்துப் பிரசவ நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த சம்பள விடுப்பு 2017-ல் 26 வாரமாயிற்று. தமிழக அரசு ஊழியப் பெண்களுக்கு 2021-ல் 12 மாதம் கிடைத்தது. நல்லது, வரவேற்கிறோம். களை பறிப்பவளுக்கு? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான நிதியுதவி, 2018-ல் உயர்த்திய கணக்குப்படி, ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய். 26 வாரத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள், நாளுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது!

நம்மவர்கள் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன மலேசியாவில், சில சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவித்த தாய்க்கு உடம்பு பிடித்துவிடுகிறார்கள். இங்கே அது பட்டணத்துப் பணக்கார வீட்டுச் சௌகரியம்!

விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் 26 வாரக் கூலி வேண்டும். பயிற்சி பெற்ற பெண் வீடு தேடி வரவேண்டும், அவளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். நெல்லை அளந்து போட்டு மருத்துவச்சியை வாசலிலேயே நிறுத்திய பழைய வழக்கம் திரும்பக் கூடாது. மில் தோழர்களே, உங்கள் சங்கக் கோரிக்கையிலும் இதைச் சேருங்கள்.

அதுவரை, தோழரே, ராத்திரி வேலை முடிந்து வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடும். முதுகு நீவிவிட உமக்கும் இரண்டு கை இருக்கிறது.