முதல் சுற்று மயக்கம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்குச் சிறுசேரிக்கு வந்து பார்க்கிறவர்களுக்கு, இது பகலில் பார்த்த ஊர்தானா என்ற சந்தேகம் உண்டாகும். வாரநாட்களில் பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து சிப்காட் பூங்காவுக்குள் பஸ்களும் கார்களும் சாரி சாரியாகப் புகுந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்திலோ, அகலமான தார்ச் சாலைகளில் தெரு விளக்குகளையும் நாய்களையும் தவிர வேறு யாரும் வேலையில் இருப்பதாகத் தெரியாது. அப்போதுதான் ஓட்டக்காரர்கள் வருகிறார்கள்.

இவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் ஜனவரி மாதத்துச் சென்னை மாரத்தானுக்காகத் தேகத்தைப் பழக்குகிறவர்கள். அவர்கள் மணிக்கட்டிலுள்ள கடிகாரம் நேரத்தோடு நாடித் துடிப்பையும் சேர்த்துச் சொல்லும். மற்றொரு ரகத்தாருக்குக் கடிகாரம் கிடையாது. சிலருக்குப் பாதரட்சையும் கிடையாது. இவர்கள் ஓடுவது உத்தியோகத்துக்காக. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வைக்கும் பரீட்சையில், எழுத்துத் தேர்வு தேறினால் மட்டும் போதாது. ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள். அதில் தேறினவர்களுக்குத்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல் முதலிய உடற்திறன் போட்டிகள். ஒரு காலத்தில் போலீஸ் உத்தியோகம் என்றால் தேசபக்தர்கள் முகம் சுளித்தது உண்டு. தடியடி வாங்கிய முதுகுகள் அல்லவா அவை! இப்போது சர்க்கார் நம்முடையது, சீருடையும் நம்முடையது. அதை அணிய நம் வீட்டுப் பிள்ளைகள் இருட்டில் ஓடுவதைப் பார்க்கும்போது சந்தோஷமாகவே இருக்கிறது.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பையனும் அவர்களில் உண்டு. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்கு வாங்கினவன். போன தடவை ஓட்டத்தில் தவறிவிட்டான். எவ்வளவில் தவறினான் என்று கேட்டோம். "நாலு செகண்டு, ஸார்" என்றான். நாலு விநாடி! நாம் இருமித் தொண்டையைச் சரி செய்துகொள்ள எடுக்கும் நேரம். அந்த நாலு விநாடியில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் அடங்கியிருந்தது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நமக்குத் தேகப்பயிற்சி சாஸ்திரம் தெரியாது; கணக்கு கொஞ்சம் தெரியும். 1500 மீட்டர் என்பது மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிஷம் என்பது 420 விநாடி. வகுத்துப் பார்த்தால் சுற்றுக்கு 112 விநாடி, நூறு மீட்டருக்கு 28 விநாடி. ஆரோக்கியமான வாலிபனுக்கு இது அசாத்தியமான வேகமல்ல. பின் ஏன் தவறினான்? சாலையில் நூறு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடச் சொன்னோம். முதல் 400 மீட்டரை 80 விநாடியில் முடித்தான். அம்பு மாதிரி வந்தான். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. இரண்டாவது 400 மீட்டருக்கு 105. மூன்றாவதற்கு 135. மிச்சமிருந்த 300 மீட்டருக்குக் கையில் 100 விநாடி இருந்தது. சற்று வேகமாக நடந்தாலே அதில் பாதி தூரம் போய்விடலாம்! அவன் 104 விநாடி எடுத்துக்கொண்டான். மறுபடியும் அதே நாலு!

ஆகவே, கடைசிச் சுற்றில் அவன் தோற்கவில்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு வந்த முதல் சுற்றில்தான் தோற்றான்.

இதற்கு உடற்கூறு நூல்கள் காரணம் சொல்கின்றன. ஓட ஆரம்பித்த முதல் பத்து விநாடிக்குத் தசைகள் தம்மிடம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் சக்தியைச் செலவிடுகின்றன. மூச்சும் ரத்த ஓட்டமும் வேண்டிய பிராணவாயுவைக் கொண்டு சேர்க்கும் அளவுக்கு விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. அதுவரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் சிரமம் முழுதாகத் தெரியாது. தெரியாததனால் செலவு இல்லை என்று அர்த்தமல்ல. கடன் பற்று எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பிராணவாயு போதாமல் சர்க்கரையை எரிக்கும்போது தசைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது. கால் ஈயமாய்க் கனக்கிறது. பையன் மூன்றாம் சுற்றில் அனுபவித்தது இதைத்தான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிற குடும்பங்கள் முதல் கடையிலேயே பணத்தைக் கொட்டிவிட்டு, நகைக் கடை வாசலில் முகத்தைப் பார்த்துக்கொள்கிற சமாசாரம் நேயர்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் விஷயம் தசையோடு முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. மில்கா சிங்கின் கதையைப் பாருங்கள். 1958-ல் கார்டிப் நகரில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில் 440 கெஜ ஓட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸைத் தோற்கடித்து, சுதந்திர பாரதத்துக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். 1960 செப்டம்பர் 6-ந் தேதி ரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டம். மில்கா அருமையாகப் புறப்பட்டார். பாதிக்கு மேல் போனபின் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று: இவ்வளவு வேகமாகப் போகிறோமே, கடைசி வரை தாங்குமா? கொஞ்சம் வேகத்தைத் தணித்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் முந்தினார்கள், விட்டதை மீண்டும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவதாக வந்தவர், கார்டிப்பில் தோற்ற அதே ஸ்பென்ஸ். அவருக்கு 45.5 விநாடி; மில்காவுக்கு 45.6. அந்தச் சந்தேகத்தை மில்காவே பின்னாளில் பலமுறை எடுத்துச் சொல்லி வருந்தியிருக்கிறார். 2021-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடி அவரை விட்டுப் போகவில்லை.

நம் பையன் அளவுக்கு மேல் துணிந்தான்; மில்கா அளவுக்கு மேல் தயங்கினார். எவ்வளவு வேகம் என்று ஓட்டத்தின் நடுவில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு மைதானத்துக்குள் போக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

நம் தமிழ்நாட்டு வீரரின் கதை இன்னொன்று. புதுக்கோட்டைக்காரரான லட்சுமணன் கோவிந்தன் 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் பந்தயத்தில் 10,000 மீட்டர் ஓட்டத்தை மூன்றாவதாக முடித்தார். வெண்கலம் வந்துவிட்டதென்று இங்கே சந்தோஷக் கூச்சல். சிறிது நேரத்தில் வேறு செய்தி வந்தது: ஓட்டத்தின் நடுவே அவர் பாதம் தடத்தின் உட்கோட்டைத் தாண்டிவிட்டதாம். தகுதி நீக்கம்! பாரதத்தின் சார்பில் செய்த முறையீடும் பயன்படவில்லை. இருபத்தைந்து சுற்று, ஆயிரக்கணக்கான காலடிகள்; அவற்றில் ஓர் அடி. இதற்காக அவரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு வராது. அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடுகிறவன் மனசை அந்தக் கோட்டின்மேலேயே நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் இதில் தெரிகிறது.

மனசை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 1977-ல் மார்கன், போலக் என்னும் இரு அமெரிக்கர்கள், மாரத்தான் ஓட்டக்காரர்களை விசாரித்து எழுதினார்கள். சாமானிய ஓட்டக்காரர்கள் சிரமத்தை மறக்க வேறு எதையாவது நினைக்கிறார்கள். முதல்தர வீரர்களோ தங்கள் மூச்சையும் காலையும் தசையின் இறுக்கத்தையும் விடாமல் கவனித்துக்கொண்டே ஓடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்துவிட்டு நம் பையனிடம், ஓடும்போது என்னப்பா நினைக்கிறாய் என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கினான். முதல் சுற்றில் பக்கத்தில் ஓடுகிறவனின் ஷூவைப் பார்ப்பானாம். இரண்டாவதில், இந்தத் தடவையும் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைப்பானாம். மூன்றாவதில் அம்மாவின் முகம் வருமாம். "அம்மா முகம் வந்தா காலு ஓடவே மாட்டேங்குது, ஸார்" என்றான். தாயை நினைத்தால் பலம் வரும் என்று இத்தனை வருஷமாக வகுப்பில் உபதேசம் செய்திருக்கிறோம். அன்று வாயை மூடிக்கொண்டோம்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் ஒரு காரியம் செய்தோம். நமது பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, நூறு மீட்டருக்குச் சரியாக 28 விநாடி வீதம், அவனுக்கு ஓர் அடி முன்னால் மிதித்தோம். மணிக்கு 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது தாண்டிய வாத்தியாருக்குப் பொருத்தமான வேகம். முந்தக் கூடாது, பின்தங்கவும் கூடாது என்பது உத்தரவு. முதல் இருநூறு மீட்டரிலேயே, "ஸார், இன்னும் வேகமா போங்க, ஸார்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டான்.

நமக்குச் சிரிப்பு வந்தது. 1954 மே 6-ந் தேதி ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிஷத்துக்குள் ஓடின அன்று இதேதான் நடந்தது. முன்னால் வேகம் வகுத்து ஓடிய நண்பர் கிறிஸ் பிராஷர். முதல் சுற்றில் பானிஸ்டருக்கு ஓட்டம் மிகச் சுலபமாகத் தோன்றியதால், இன்னும் வேகம் என்று பின்னாலிருந்து கூவினார். பிராஷர் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் வேகத்திலேயே போனார். சுலபம் என்று பானிஸ்டர் நினைத்த அந்தச் சுற்று 57.5 விநாடி. முடிவில் 3 நிமிஷம் 59.4 விநாடி. பிராஷர் அன்று பேச்சைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நாமும் பையன் பேச்சைக் கேட்கவில்லை.

நாலைந்து வாரம் இப்படிப் போயிற்று. இரண்டு அடிக்கு ஓர் உள்மூச்சு, இரண்டு அடிக்கு ஒரு வெளிமூச்சு என்று கணக்கு வைத்துக்கொள்ளப் பழகினான். மூச்சின் சத்தம் மாறினால் வேகம் மாறிவிட்டதென்று அவனுக்கே தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் மாரத்தான்காரர்கள் அவனைத் தாண்டிப் போகும்போது மட்டும் கால் துடிக்கும். நாம் சைக்கிள் மணியை அடிப்போம்.

ஆனால் பரீட்சை மைதானத்துக்குள் வாத்தியாரையும் விடமாட்டார்கள், சைக்கிளையும் விடமாட்டார்கள். ஆகையால் சென்ற ஞாயிறன்று சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிட்டு, கடிகாரத்தோடு கடைசிக் கோட்டில் போய் நின்றோம். இன்னும் ஆறு பையன்களும் கூட ஓடினார்கள். தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் அவன் உருவம் தென்படவேயில்லை. முன்னால் வந்தவர்கள் மற்றவர்கள். நமக்கு வயிற்றைக் கலக்கிற்று. பிறகு ஒவ்வொருவராகப் பின்தங்க, நடுவிலிருந்து அவன் வெளியே வந்தான். 6 நிமிஷம் 53 விநாடி.

முதல் சுற்றில் எங்கேயடா போயிருந்தாய் என்று கேட்டோம்.

"கடைசியில இருந்தேன், ஸார். எல்லாரும் முன்னாடி போனாங்க. போகட்டும்னு விட்டுட்டேன்" என்றான்.

தேர்வு அடுத்த மாதம்.