துடைப்பத்தை யார் எடுப்பது?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை எழுந்திருப்பதில்லை என்ற குறை இன்று எல்லா வீடுகளிலும் உண்டு. சுடுவதும் வெட்டுவதும் ஒரு விளையாட்டா என்று நாமும் கடிந்துகொள்கிறோம். ஆனால் பிள்ளைகள் ஆடுகிறவற்றில் ஒரு வகையைப் பெரியவர்களும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஆளில்லாத இடத்தில் நாலு பேரைக் குடியேற்றி, அவர்களுக்கு வீடு, சோறு, மருந்து, படுக்கை எல்லாம் ஏற்பாடு செய்து பிழைக்க வைக்கும் 'காலனி' விளையாட்டுகள் அவை. சண்டையும் சாகசமும் அவற்றில் உண்டுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றில் சேரும் குப்பை. அதைப் பெருக்குவது யார் என்ற கேள்விக்கு இந்த விளையாட்டுகள் சொல்லும் பதிலை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரிம்வேர்ல்ட் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். டைனன் சில்வெஸ்டர் என்பவர் உருவாக்கியது. 2013-ல் முதல் வடிவம் வந்தது. 2018 அக்டோபரில் முழுமையாக வெளியானது. விண்கலம் உடைந்து தூரத்துக் கிரகம் ஒன்றில் விழுந்த மூன்று பேருடன் வழக்கமாக ஆட்டம் தொடங்கும். அவர்கள் குடிசை போடுவார்கள், பயிர் வைப்பார்கள், வேட்டையாடுவார்கள். வயலிலிருந்து திரும்புகிறவர் காலோடு மண் வீட்டுக்குள் வரும். இறைச்சி வெட்டும் மேசையடியில் ரத்தம் தேங்கும்.

அதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சமையலறை அழுக்கானால் சாப்பிட்டவருக்கு வாந்தி எடுக்கும். காரணம் இன்னது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். ஆஸ்பத்திரி அறை அழுக்கானால் காயம் புரையோடும், ஆபரேஷன் தவறும். ஆராய்ச்சிக்கூடம் அழுக்கானால் ஆராய்ச்சியின் வேகமே குறையும். கண்ணெதிரே அசுத்தம் சேரச் சேர மனம் கெட்டு, ஒருநாள் ஒருவர் நிதானம் இழந்து சாமான்களை உடைக்கவும் கூடும். சுத்தம் சோறு போடும் என்று நாம் வாயால் சொல்கிறோம். இந்த ஆட்டம் அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறது. இதுவரை எனக்குப் பெரிய சந்தோஷம்தான்.

ஆனால் அந்தச் சுத்தத்தைச் செய்து தருகிற வேலைக்கு அங்கே என்ன மரியாதை? யார் என்ன வேலை செய்வது என்று ஒரு பட்டியல் உண்டு. தீயணைப்பு, மருத்துவம் என்று இடப்பக்கத்தில் தொடங்கி சமையல், கட்டடம், பயிர், சுரங்கம் என்று வலப்பக்கம் போகும். சுமை தூக்குவதும் பெருக்குவதும் ஏறக்குறைய கடைசியில் வரும். இரண்டு வேலைக்கும் ஒரே எண் கொடுத்திருந்தால் இடப்பக்கத்து வேலை முடிந்த பிறகுதான் வலப்பக்கத்து வேலை. ஆகவே நாம் தனியாகக் கவனித்து ஏற்பாடு செய்யாவிட்டால் பெருக்குவதற்கு ஆளே மிஞ்சாது.

இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் 12 திறமைகள் உண்டு. சுடுவது, சமைப்பது, பயிரிடுவது, வைத்தியம், ஓவியம், பேச்சு என்று எல்லாமே செய்யச் செய்யக் கைதேர்ச்சி கூடும். பெருக்குவது இந்தப் பன்னிரண்டில் இல்லை. ஒருவர் பத்து வருஷம் பெருக்கினாலும் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை என்பது ஆட்டத்தின் கணக்கு. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த பந்தியை அடுத்த பந்திக்குள் துடைத்து வைக்கிறவர்களைப் பார்த்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சுமப்பதையும் பெருக்குவதையும் சேர்த்து 'டம்ப் லேபர்' என்று அந்த ஆட்டம் பெயர் வைத்திருக்கிறது. மூளை வேண்டாத வேலை என்று பொருள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இளமையில் ஒரு கதை, வளர்ந்தபின் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பொறுத்துச் சிலருக்கு இந்த வேலை 'இயலாது' என்று முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். கை கால் நன்றாக இருக்கும், கடப்பாரை பிடிப்பார், துப்பாக்கி பிடிப்பார், துடைப்பம் மட்டும் பிடிக்க மாட்டார். சாப்பாட்டில் விஷம் ஏறிக் காலனியே படுத்துக் கிடந்தாலும் அவரைப் பெருக்க வைக்க ஆட்டக்காரரால் முடியாது.

இதைப் படிக்கும்போது நமக்கு வேற்றுக் கிரகம் நினைவுக்கு வருகிறதா? எனக்கு வரவில்லை.

'காலனி' என்ற சொல்லையே பாருங்கள். தில்லியில் வாழும் நமக்கு அது கேட் போட்டு, காவல்காரர் வைத்து, பூங்கா அமைத்த குடியிருப்பு. நம்மில் பலருடைய சொந்த ஊரில் அதே சொல், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் வாழும் தெருவுக்குப் பெயராயிற்று. அது வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இந்தக் காலனியைச் சுத்தம் செய்ய அந்தக் காலனியிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதாமல் 2013-ல் இன்னொன்று வந்தது. சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், குழியில் இறங்குவது நிற்கவில்லை என்றுதானே பொருள்?

விளையாட்டை உருவாக்கியவர் நம் ஜாதி வழக்கத்தைப் பார்த்து அதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தில் சிக்கல் வேண்டும், வேடிக்கை வேண்டும் என்று வைத்திருக்கலாம். சொல்லப்போனால் ஒரு நியாயமும் அதில் உண்டு. 2020-ல் வந்த அதன் இணைப்பு ஒன்றில் குடியேறிகளுக்குப் பிரபுப் பட்டங்கள் கிடைக்கும். தலைக்கனம் பிடித்தவர் பட்டம் ஏற ஏற வேலைகளை மறுப்பார். அந்தக் குணம் இல்லாதவர் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கினாலும் எல்லோருடனும் சேர்ந்து உழைப்பார். மறுப்பதற்குக் காரணம் பட்டமல்ல, மனசு என்று அங்கே ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொரு நல்லதும் உண்டு. அந்தக் காலனியில் பெருக்குகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. பசி, தூக்கம், இளமைக் கதை எல்லாம் இருக்கிறது. அவர் தூங்கவில்லை என்றால் பிள்ளை பதறிப்போய்க் கவனிக்கிறான். தினம் காலையில் மணி அடித்து நம் வீட்டுக் குப்பையை வாங்கிப் போகிறவரின் பெயர் அதே பிள்ளைக்குத் தெரியுமா? நமக்குத் தெரியுமா?

இனி எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிடும், கவலை எதற்கு என்று சிலர் சொல்வார்கள். ரிம்வேர்ல்டிலும் வந்தது. 2022-ல் வெளியான இணைப்பில் தானாகவே பெருக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் ஏற்றும்போதெல்லாம் நச்சுக் கழிவு மூட்டை மூட்டையாகச் சேரும். அதைக் கொண்டுபோய் அடுத்தவர் ஊரில் கொட்டினால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். காஜிப்பூர் குப்பை மலையைக் கடந்து போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1984-ல் கொட்டத் தொடங்கி, 2002-லேயே நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது. 2017 செப்டம்பரில் அதன் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். குப்பை நம் கண்ணை விட்டுப் போகலாம். பூமியை விட்டு எங்கும் போவதில்லை.

ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் என்ற 2019-ஆம் வருஷத்து விளையாட்டு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. பாறைக்குள் அடைபட்ட குடியிருப்பு அது. கழிப்பறையிலிருந்து போகும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் ஆடுகிறவர்தான் குழாய் போட்டு முடிவு செய்ய வேண்டும். கழிப்பறையிலிருந்து வெளியே வரும் வழியில் கைகழுவும் தொட்டியை வைத்தால் எல்லோரும் கழுவுவார்கள். தப்பான இடத்தில் வைத்தால் கிருமி கையோடு போய்ச் சாப்பாட்டில் சேரும். அங்கே யாரும் பிறவிச் சுத்தக்காரரும் அல்ல, பிறவி அழுக்கரும் அல்ல. சுத்தம் என்பது ஏற்பாட்டைப் பொறுத்தது. இது நல்ல பாடம்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் யோசனை இது. விளையாட்டைத் தடை செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "உன் காலனியில் பெருக்குவது யார்? ஏன் அவர் மட்டும்?" என்று கேளுங்கள். பிறகு வீட்டில் துடைப்பத்தை முறை வைத்துக் கொடுங்கள். பெண்ணுக்கு மட்டுமல்ல, பையனுக்கும், அப்பாவுக்கும். சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவதுதான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. பொங்கல் விழா முடிந்ததும் இலையும் காகிதக் கோப்பையும் அரங்கம் முழுவதும் கிடக்க, நாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தேடிப் போகிறோம். அழைப்பிதழில் இறைவணக்கம் யார், வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று பெயர் போடுகிறோம். வரும் பொங்கலுக்கு நன்றியுரைக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: 'அரங்கத் துப்புரவு - தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்.'