நோயாளிக்கு நாற்காலி எங்கே?

சங்கம் என்றால் என்ன? சந்தா வசூலிப்பது, மாநாடு கூட்டுவது, கூலி உயர்வு கேட்பது, கிடைக்காவிட்டால் கதவை அடைப்பது. நம்மில் பலரும் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால் சகோதரர்களே, ஒரு நாட்டின் ஏழைக்குக் கிடைக்கும் முதல் வைத்தியம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கும் வலிமை ஒரு சங்கத்துக்கு உண்டு. பிரிட்டன் நாட்டுக் குடும்ப டாக்டர்களின் வரலாறு இதற்குச் சாட்சி.

1948 ஜூலை 5-ல் அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. ஏழை, பணக்காரர் பேதமின்றி அனைவருக்கும் இலவச வைத்தியம். நல்ல திட்டம்தானே? ஆனாலும் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் எதிர்த்து நின்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில் டாக்டர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் திட்டத்தை ஏற்கவில்லை. தங்களை அரசாங்கச் சம்பளக்காரர்களாக்கி விடுவார்கள் என்று அஞ்சினார்கள். 'அப்படிச் செய்ய மாட்டோம்' என்று அமைச்சர் அனூரின் பெவன் உறுதி கொடுத்த பிறகே எதிர்ப்பு தணிந்தது. குடும்ப டாக்டர்கள் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தங்கள் மருத்துவமனையைத் தாங்களே நடத்துபவர்களாக நீடித்தார்கள்.

பதிவு செய்துகொண்ட நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம். செலவுத் தொகையோ பெரும்பாலும் சராசரி பார்த்துக் கொடுக்கப்பட்டது. இதன் விளைவு வணிகப் பெருமக்களுக்கு எளிதில் புரியும். கடையைச் செப்பனிட்டு ஆள் வைத்தவனுக்கும், ஓட்டைக் கடையில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே வரவு என்றால் எவன் செலவு செய்வான்? நர்ஸ் வைத்த டாக்டர் நட்டப்பட்டார். வைக்காதவர் லாபம் பார்த்தார். நோயாளியோ நெரிசலில் தவித்தார்.

1965-ல் சங்கம் மீண்டும் களமிறங்கியது. இம்முறை கையில் எதிர்ப்பு மட்டுமல்ல, 'குடும்ப டாக்டர் சாசனம்' என்ற கோரிக்கைப் பட்டியலும் இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் போதிய நேரம், தகுந்த கட்டடம், உதவியாளர்கள், பரிசோதனை வசதி, புதிய மருத்துவ அறிவைக் கற்க வாய்ப்பு! ஊதிய உயர்வும் கேட்டார்கள், அதை ஒளிக்கவில்லை. சுமார் 18,000 டாக்டர்கள் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை எழுதிச் சங்கத்திடம் கொடுத்தார்கள். அமைச்சர் கென்னத் ராபின்சன் பேச்சுவார்த்தைக்கு வந்தார். 1966 ஒப்பந்தத்தில் ஊழியர் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசு ஏற்றது. கட்டட வாடகையைத் திருப்பிக் கொடுத்தது. கட்டடம் எழுப்பக் கடன் கிடைக்கவும் வழி செய்தது. பல டாக்டர்கள் ஒன்றுசேர்ந்து நர்சுகளோடு இயங்கும் முறை பரவியது. டாக்டரும் பயனடைந்தார், நோயாளியும் பயனடைந்தார்.

அத்தோடு கதை முடியவில்லை. 2004-ல் வந்த புதிய ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 6,000 பவுன் வருமானத்தை விட்டுக்கொடுத்தால் இரவு, விடுமுறை நேரப் பொறுப்பிலிருந்து விலகலாம் என்றது. பெரும்பாலோர் விலகினார்கள். இரவும் பகலும் உழைத்துக் களைத்த டாக்டர்கள் ஓய்வு கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழைக்கும் முதியவருக்குத் தன்னை அறிந்த டாக்டரின் குரல் அரிதாகிப் போனது.

மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். பேச்சுவார்த்தை மேசையில் டாக்டர் சங்கம் இருந்தது; அரசாங்கம் இருந்தது. நோயாளிக்கு நாற்காலி இல்லை. டாக்டரின் நலனும் நோயாளியின் நலனும் ஒத்துப்போன இடத்தில் அவர் பிழைத்தார். ஒத்துப்போகாத இடத்தில் அவருக்காக வாதாட ஆளில்லை. இது டாக்டர்களின் குற்றம் மட்டுமா? அவர்கள் ஒன்றுபட்டார்கள், பெற்றார்கள். ஒன்றுபடாதவர்கள் பிறர் கொடுத்ததை வாங்கிக் கொண்டார்கள்.

இளைஞர்களே! டாக்டர் சங்கங்களைத் திட்டுவதில் பயனில்லை. அவர்களின் கோரிக்கைகளைப் படியுங்கள். நோயாளிக்கு நன்மை தருவதை உரக்க ஆதரியுங்கள். தராததைத் தயங்காமல் கேள்வி கேளுங்கள். வணிகர்களே! உங்கள் சங்கம் அடுத்த கோரிக்கையை எழுதும்போது, நம் கல்லாவுக்கு என்ன வரும் என்று கேட்கும் அதே மூச்சில், நம் வாசல் படியேறி வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்றும் கேளுங்கள். நாற்காலி தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு முதலில் ஒன்றுசேர வேண்டும்.